நாவல் மரத்தடி ஊற்று

முள்ளிக்காட்டில் முப்பது யானைகள் இருந்தன. கோடை வந்தால் அங்கே ஆறு வற்றிவிடும். மணலைத் தோண்டி ஊற்று எடுத்தால்தான் குடிக்கத் தண்ணீர்.

கொம்பு உள்ள ஆண் யானைகள்தான் ஊற்றுத் தோண்டலாம் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். அப்படிக் கொம்பு வைத்திருந்தவர்கள் மொத்தமே மூன்று பேர்! பெண் யானைகள் அவர்களுக்குத் தழை ஒடித்து வரும். தோண்டிப் போட்ட மணலை ஒதுக்கும். அவர்கள் மேல் வெயில் படாமல் மறைத்து நிற்கும். இதற்கெல்லாம் வேலை என்று பெயர் கிடையாது. நீர் சுரந்ததும் தோண்டியவர்கள் முதலில் குடிப்பார்கள். பெண்களும் குட்டிகளும் கடைசியில் மிஞ்சுகிற சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள வேண்டியதுதான்.

செவந்தி என்ற பெண் யானைக்கு ஐந்து மாதக் குட்டி ஒன்று இருந்தது. தண்ணீர் போதாமல் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி வெறும் மடியைச் சப்பிச் சப்பி அழும்.

செவந்தியிடம் ஒரு திறமை இருந்தது. தரையில் தும்பிக்கையை வைத்து மோந்தாலே போதும், எங்கே ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். தலைவன் வெண்கொம்பனிடம் போனாள்.

"ஏனுங்கண்ணா, நாவல் மரத்தடியில தண்ணி இருக்குதுங்க. நான் தோண்டறேனுங்க!"

வெண்கொம்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "கொம்பு எங்கே?"

"காலும் தும்பிக்கையும் இருக்குதுங்களே!"

"கொம்பு இல்லாதவங்க தோண்டினா ஊத்து கலங்கிப் போயிரும் அம்மிணி. போய்க் குட்டியைப் பாரு!"

குட்டியைப் பார்க்கத்தானே அவள் தோண்டக் கேட்டாள்! அது அவனுக்கு விளங்கவில்லை.

நான்கு நாள் கழித்துத் தோண்டுகிறவர்களில் ஒருவன் பாறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டான். ஓர் இடம் காலியானது. இனி நம்மைக் கூப்பிடுவார்கள் என்று செவந்தி நம்பினாள். கூப்பிட்டார்கள், மோழையனை! அவன் கொம்பே முளைக்காத ஆண் யானை.

"அவனுக்கும் கொம்பு இல்லீங்களே!" என்றாள் செவந்தி.

"அவனுக்கு வர வேண்டியது வராமப் போச்சு. உனக்கு வர வேண்டியதே இல்லை!" என்றான் வெண்கொம்பன். மற்ற ஆண்கள் ஆமாம் போட்டார்கள்.

அன்று மாலையே மோழையன் செவந்தியைத் தேடி வந்து தலையைச் சொறிந்தான். "அக்கா, எங்கே தோண்டறதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியலீங்க!"

குட்டியின் முகம் கண் முன்னே நின்றது. செவந்தி ஆற்றின் பாறை வளைவைக் காட்டினாள். மறுநாள் அங்கே தண்ணீர் வந்தது. மோழையனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவன் வயிறு முட்டக் குடித்தான். செவந்தியின் குட்டிக்கு அன்றும் சேறுதான் கிடைத்தது.

அப்போது மேட்டுக்காட்டிலிருந்து ஓர் ஆள்காட்டிக் குருவி பறந்து வந்தது.

"அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து தோண்டறாங்க! பன்னெண்டு ஊத்து! சுத்தியும் புல்லு, மூங்கில்! மானும் பன்னியும் கூட்டங் கூட்டமா வந்து குடியேறுது!"

"அந்தக் காட்டுல தண்ணி ஜாஸ்தி," என்றான் வெண்கொம்பன்.

"அட, அதுவும் இதே ஆறுதாங்க!" என்றது குருவி.

வெண்கொம்பன் காதை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

குருவி சொன்னதைக் கேட்ட பிறகு செவந்தியால் சும்மா இருக்க முடியவில்லை. மேட்டுக்காடு மூன்று நாள் நடை, குட்டி தாங்காது. விடிந்ததும் நாவல் மரத்தடிக்குப் போய்க் காலால் மணலைப் பறித்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. உச்சிப் பொழுதில் மணல் குளிர்ந்தது. இன்னும் ஒரு முழம்தான்!

அதற்குள் வெண்கொம்பன் வந்துவிட்டான். "மூடுங்கடி இதை!" என்று பெண் யானைகளைப் பார்த்துக் கத்தினான். "மூடாதவங்களுக்கு இனிச் சேத்துத் தண்ணியும் கிடையாது!"

அவர்கள் மூடினார்கள். செவந்தியின் கூடப் பிறந்த தங்கையும் மணலைத் தள்ளினாள். "கோவிச்சுக்காதே அக்கா. எனக்கும் புள்ளை இருக்குதே!" என்று அழுதுகொண்டே தள்ளினாள்.

அந்த வாரமே பாறை வளைவு ஊற்று வற்றிப்போனது. பெண் கால் வைத்த இடம் என்று நாவல் மரத்தடியை ஆண்கள் தோண்டவும் இல்லை, செவந்தியை அங்கே அண்ட விடவும் இல்லை. செவந்தியின் குட்டி முதலில் தள்ளாடியது, பிறகு படுத்தது, பிறகு எழவில்லை. அதற்கு அடுத்த நாள் தங்கையின் குட்டியும் போயிற்று. மான்கள் மேட்டுக்காட்டுக்குப் போய்விட்டன. விதையைக் கொண்டுவந்து போட்ட குரங்குகளும் பறவைகளும் அவற்றின் பின்னே போயின. வெண்கொம்பனுக்கே விலா எலும்பு தெரிந்தது.

ஆண்கள் கூடிப் பேசினார்கள். காடு ஏன் இப்படி நொடித்துப் போனது என்று வெகுநேரம் யோசித்தார்கள். "தோண்ட ஆள் பத்தலை. ஆண் குட்டிகளுக்குக் கொம்பு முளைக்கட்டும். இன்னும் பத்து வருஷம் பொறுத்துக்குவோம்!" என்று முடிவெடுத்தார்கள்.

குருவி செவந்தியிடம் வந்து, "எந்திரி தாயி, மேட்டுக்காட்டுக்குப் போயிரலாம்! அங்கே உன்னைத் தோண்ட விடுவாங்க. வயிறு நிறையத் தண்ணி!" என்றது.

செவந்தி குட்டியின் மேல் மொய்த்த ஈக்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். "இனி எனக்கு எதுக்குத் தண்ணி?" என்றாள்.

பெண்ணை வேலை செய்யவிடாமல் தடுக்கிற ஊரில் வளம் பெருகாது. அங்கே முதலில் காய்வது பிள்ளைகளின் தொண்டைதான்.