கோணமேட்டு மாப்பிள்ளையின் சோலார் ஆட்டோ

கோணமேட்டுக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் யாரை அடிப்பது என்று முடிவுசெய்ய அரை நாள் கூடிப் பேசுவார்கள். அதற்குள் நாம் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்த ஊர் நல்லமுத்துவுக்கு முப்பத்தாறு வயதில் ஒருவழியாக ஒரு வரன் வந்தது. மேலப்பாறை அய்யாவுவின் மகள் பவளக்கொடி. "பொண்ணு பாக்க மாப்பிள்ளை சொந்த வண்டியில வரணும். புதன்கிழமை பன்னெண்டு மணிக்கு ராகு காலம், அதுக்கு முன்னாடி வந்துடணும்" என்று தரகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே எட்டு வீட்டில் வேண்டாம் என்று சொல்லக் கேட்டவன் நல்லமுத்து. இதையும் கைநழுவ விட அவன் தயாராக இல்லை.

சொந்த வண்டி இருந்தது. புத்தம்புது பேட்டரி ஆட்டோ. சார்ஜ் போட முற்றத்திலேயே சோலார் பலகை. மாட்டிக் கொடுத்த ஆள் போகும்போது இரண்டே விஷயம் சொன்னான்: "பலகை மேல நிழல் விழாம பாத்துக்குங்க. ஏறலைன்னா லைன்ல போட்டுடுங்க."

புதன் காலை ஆறரைக்கே நல்லமுத்துவும் கூட்டாளிகள் பிச்சைமணி, சோணை, தவசி மூவரும் காவலுக்கு வந்துவிட்டார்கள். நிழலை வரும் வழியிலேயே மறிக்க வேண்டுமென்று நால்வரும் கிழக்குப் பக்கமாகத் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். எட்டரை மணிக்குப் பார்த்தால் சார்ஜ் ஒரு கோடுகூட ஏறவில்லை.

"பலகை மேல நாலு நிழல் கெடக்குடா" என்றான் சோணை.

"நாமளும் நாலு பேரு" என்றான் தவசி. "ஆளுக்கு ஒண்ணா நம்மளை ஏமாத்திட்டு உள்ள போயிருக்கு."

பிச்சைமணி நெடுநேரம் யோசித்தான். "பலகை மேலதானே விழக் கூடாது? நாம பலகை மேல ஏறி உக்காந்துட்டா?"

உட்கார்ந்தார்கள். பலகை தாங்கியது. செய்தவன் யாரோ, நல்லா இருக்கட்டும். அரை மணி நேரத்தில் வேட்டிக்கு அடியில் எல்லாருக்கும் நன்றாகச் சூடு ஏறியது, வண்டிக்குத்தான் சார்ஜ் ஏறவில்லை.

"லைன்ல போடச் சொன்னாரே" என்று நல்லமுத்து ஞாபகப்படுத்தினான். "நம்மூர்ல லைன் எங்கடா இருக்கு?"

"ரேஷன் கடையிலதான்" என்றான் தவசி.

ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போய் பாமாயில் வாங்க வந்தவர்களுக்குப் பின்னால் முறையாக நிறுத்தினார்கள். வரிசை நகர நகர அதுவும் நகர்ந்தது. யாரையும் முந்தவில்லை. வீட்டுச் சுவரில் பிளக் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை அந்த ஊரில் யாரும் லைன் என்று சொன்னதில்லை.

"என்ன வேணும்?" என்றார் கடைக்காரர்.

"கரண்டு."

அவர் தலையைத் தூக்கவே இல்லை. "இந்த மாசம் இன்னும் வரல. அடுத்த வாரம் வந்து பாருங்க."

மணி பத்தரை. நல்லமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பஸ்ல போயிரட்டுமாடா?"

"அறிவிருக்கா உனக்கு?" என்று பிச்சைமணி அதட்டினான். "சொந்த வண்டியில வரணும்னாரு. வண்டி ஓடணும்னு சொன்னாரா?"

அப்படிச் சொல்லவில்லைதான். மாப்பிள்ளை வேட்டி கசங்காமல் ஏறி உட்கார்ந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். மூவரும் தள்ளினார்கள். ஐந்து கிலோமீட்டர். ராகு காலத்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது மேலப்பாறையில் பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அய்யாவு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சத்தமே இல்லையே! பொகையும் இல்ல!"

"கெடையாது மாமா."

"திரும்பிப் போக சார்ஜ் இருக்கா மாப்ள?"

நல்லமுத்து பின்னால் எட்டிப் பார்த்தான். மூன்று பேரும் படியில் சாய்ந்து மடமடவென்று மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏறிக்கிட்டிருக்கு மாமா."

அய்யாவுவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவன்தான் மாப்பிள்ளை என்று அங்கேயே முடிவு செய்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"பவளம், வண்டிக்கு இன்னும் மூணு சொம்பு மோர் கொண்டாம்மா!"