சூரியனைக் கட்டிப்போட்ட மண்டிக்காரர்

மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டிக்காரர் சென்னியப்பன் இதுவரை விட்ட புளுகையெல்லாம் மூட்டை கட்டினால் லாரி கொள்ளாது. ஆனால் அன்று காலை அவர் வாயைத் திறந்தது பெருமைக்காக அல்ல, பிழைப்புக்காக. ஊட்டியிலிருந்து வரவேண்டிய லோடு வரவில்லை. டிரைவர் புது ஆள், போன் போட்டால் எடுக்கவில்லை. வாசலில் யாவாரிகள் கூட்டமாக நிற்கிறார்கள். எதிர் மண்டியில் ஏலத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். இந்தக் கூட்டம் அங்கே போய், வாங்க ஆளில்லாமல் லோடு திரும்பினால், ஊட்டித் தோட்டக்காரர் அடுத்த லோடை எதிர் மண்டிக்குத்தான் அனுப்புவார்.

திருப்பூர் மார்க்கெட்டுக்கு வாங்குகிற மயிலாத்தா செருப்பை மாட்டினாள். அவள் எந்தப் பக்கம் நடக்கிறாளோ, மற்ற யாவாரிகளும் அந்தப் பக்கம்தான்.

“இருங்கக்கா, அவசரப்படாதீங்க. நான் பெரு நாட்டுல பிசாக் சந்தைக்குப் போனப்ப…”

“நீ எப்பத் தம்பி போனே?”

“போன ஐப்பசியில பத்து நாள் ஆளைக் காணலியே, அப்பத்தான்.”

“கோபியில மாமனார் ஊட்டுக்குப் போறதாச் சொன்னே?”

“உங்ககிட்ட அப்படிச் சொல்லிப்போட்டுத்தானுங்க பெருவுக்குப் போனேன். நெசத்தைச் சொன்னாக் கண்ணு வெப்பீங்களே!”

கூட்டம் சிரித்தது. மயிலாத்தா மாட்டிய செருப்போடு நின்றாள். சென்னியப்பனுக்கு அது போதும்.

“ஆண்டிஸ் மலைன்னு பேரு. நம்ம தொட்டபெட்டாவெல்லாம் அதுக்குப் படிக்கட்டு. காத்து அத்தனை மெலிசு. ஒருத்தன் தும்முனாப் பக்கத்துல மூணு பேருக்கு மூச்சு இல்லாமப் போயிரும். அதனால அங்க அடுத்தவனைக் கேட்டுக்கிட்டுத்தான் தும்மோணும். மலைக்கடியில சந்தை, தலைக்கு மேல இன்கா ராசாக்கமாரு கட்டுன பழைய கோட்டை. சந்தை பூரா கிழங்கு. செவப்பு, ஊதா, கருப்புன்னு குமிஞ்சு கெடக்குது. அதுல ஒண்ணுக்கு, மருமகளை அழவைக்கிற கிழங்குன்னே பேரு. ஒடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமா இருக்கும். தோலைப் பதமாச் சீவிக் காட்டுனாத்தான் பொண்ணு எடுப்பாங்களாம்.”

“அட, புளுகு!” என்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது.

சென்னியப்பனுக்கு மனசே விட்டுப்போயிற்று. பேப்பரில் படித்த நிஜம் அது ஒன்றுதான். அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. இனி நிஜம் இருக்கிற பக்கம் தலைவைத்தே படுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

“பாஷை தெரியாம எப்படிப் பேரம் பேசுனே?” என்று மயிலாத்தா மடக்கினாள்.

“தோள்ல துண்டு எதுக்குங்கக்கா இருக்குது?”

விலை வெளியே தெரியாமல் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவது அங்கே நின்ற எல்லாருக்கும் பழக்கம்தான்.

“தொப்பி போட்ட ஒரு ஆத்தா, பக்கத்துல லாமா ஒண்ணைப் படுக்கப் போட்டு உக்காந்திருந்தா. லாமான்னா ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவால ஒரு சீவன். துண்டைப் போட்டேன், கையை உள்ளே உட்டேன். ரெண்டே விரல் குடுத்தா. அழுத்திப் பார்க்கறேன், இழுத்துப் பார்க்கறேன், ஒரு விரலு கொறையலை. எமகாதகி! கடைசியில என்ற மூஞ்சியில ‘த்தூ’ன்னு எச்சி வந்து உழுந்துச்சு. துண்டை வெலக்கறேன், நான் இத்தனை நேரம் பிடிச்சிருந்தது லாமா காலு! அதுக்குக் காலுக்கு ரெண்டு விரல்தானுங்க. ஆத்தா எப்பவோ சோறு திங்கப் போயிட்டா.”

“அய்யோ, அப்புறம்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். குரங்குக் குல்லாய் போட்ட ஆசாமி ஒருவன் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றிருந்தான். மூட்டை தூக்குகிறவர்கள்கூடத் தரையில் சம்மணம் போட்டுவிட்டார்கள். இப்படி ஒரு ‘அப்புறம்’ கிடைத்தால் சென்னியப்பனைப் பிடிக்க முடியுமா?

“அப்புறம் கோட்டைக்கு ஏறுனேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவால கத்தி நுழையாது, அப்படிக் கட்டடம். ஒரு எடத்துல மட்டும் கல்லு உழுந்து ஓட்டை. ஊரே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்குது. மடியில நம்ம ஊட்டிக் கிழங்கு ஒண்ணு வெச்சிருந்தேன். சீவிச் சொருகினேன், கச்சிதம்! உலகமே இன்னைக்கு அதைக் கல்லுன்னு போட்டோ எடுக்குது. ஆனா மழைக்கு அது வேரு உட்டுப் பெருத்துப்போச்சுங்க. மலையே ஒசந்திருச்சு. கவர்மென்டுக்காரங்க மறுபடி அளந்துக்கிட்டிருக்கறாங்க.”

“மலையை உடு தம்பி. எதிர்க்க ஏலம் ஆரம்பிச்சுட்டாங்க. உன் லோடு எங்கே?” என்றாள் மயிலாத்தா.

சென்னியப்பன் கையிருப்பில் இருந்ததிலேயே பெரிய புளுகை எடுத்தார்.

“அங்கெல்லாம் யாரும் இப்படிப் பறக்க மாட்டாங்கக்கா. கோட்டை உச்சியில சூரியனைக் கட்டற கல்லுன்னு ஒண்ணு இருக்குது. கடைசி லோடு வந்து சேர்ற வரைக்கும் சூரியனை அதுல கட்டிப் போட்டிருவாங்க. அன்னைக்குப் பார்த்து அவங்க கயிறு அறுந்துபோச்சு. நான் மூட்டை கட்டற சணல் கயித்துல ஒரு சுருக்குப் போட்டு இழுத்துக் கட்டினேன். அந்த முடிச்சை எவனாலயும் அவுக்க முடியலை. ஒரு வாரம் ராத்திரியே இல்லை! எப்பக் கூவறதுன்னு தெரியாமச் சேவலெல்லாம் ஊமையாப் போச்சு. நாளைக்குக் கல்யாணம்னு இருந்த மாப்பிள்ளை ஒருத்தன் தேம்பித் தேம்பி அழுவறான், நாளைக்கு வரவே மாட்டேங்குதே!”

“அடப் பாவமே! அப்புறம்?” என்றான் குல்லாய்க்காரன்.

“பல்லாலேயே கடிச்சு அவுத்தேன். சூடு தாங்காம முன்பல்லு கருகிப்போச்சு, பாருங்க!” என்று வெற்றிலைக் கறைப் பல்லைக் காட்டினார்.

மயிலாத்தா குனிந்து பல்லை உற்றுப் பார்த்தாள்.

“நல்லாத்தான் கருகியிருக்குது. ஆனா நம்மூரு சூரியனை யாரும் கட்டலை சாமி. வெயிலேறுனாத் திருப்பூரு போறதுக்குள்ள கிழங்கு வெந்துரும்.”

அவள் நடந்தாள். கூட்டம் மொத்தமும் பின்னாலேயே போயிற்று. எதிர் மண்டியில் ஏலம் கூவுகிற சத்தம் பலமாகக் கேட்டது.

சென்னியப்பன் காலிச் சாக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அழுகை வந்துவிடும் போலிருந்தது. குல்லாய்க்காரன் மட்டும் போகவில்லை. கிட்டே வந்து குந்தினான்.

“அந்தக் கல்யாண மாப்பிள்ளை என்னானானுங்க?”

“மாப்பிள்ளை கெடக்கறான் போப்பா. என் பொழப்பே போச்சு. ஊட்டி லாரி வரலையேன்னு வவுறு எரிஞ்சு உக்காந்திருக்கறேன்.”

“லாரிங்களா? அது அப்பவே வந்திருச்சுங்களே. நாந்தான் ஓட்டியாந்து பின்னால சந்துல நிறுத்தியிருக்கறேன். சொல்லலாம்னுதான் உள்ள வந்தேன். நீங்க லாமா காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க, நடுவால எப்படிங்க குறுக்கே பேசறது?”