எட்டு சென்ட் நிலத்தின் சாவி

"ஐயா, இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா சண்டை தீர்ந்துரும்" என்றார் சிகாமணி.

எலியாவு ஐயா பழுதுக்கு வந்த தையல் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்தச் சண்டை?"

"சபையில யாரு யூதர், யாரு இல்லைங்கிற சண்டை."

"அது எப்ப ஆரம்பிச்சுது?"

சிகாமணிக்குப் பதில் தெரியும். ஆரம்பித்தவர் அவர்தான். அதனால் சபையில் முறைப்படி சேர்ந்தவர்களின் பட்டியலை மேசைமேல் விரித்தார்.

சிகாமணி முப்பத்தொரு வருடம் தாலுகா ஆபீஸில் இருந்தவர். சாதிச் சான்றிதழுக்கு மனுப் போட வருகிறவனின் நடையைப் பார்த்தே அவன் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற வருடம்தான் மனைவி கனகபாயோடு பழைய கிறிஸ்தவக் கோவிலை விட்டுவிட்டு எலியாவு ஐயாவின் மேசியா சபைக்கு வந்தார்.

மலையடிவாரத்தில் ஒரு பழைய நெல் குடோன்தான் சபை. நாற்பத்தோரு பேர். சனிக்கிழமை ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் வீட்டுக்கு இரண்டு விளக்கு. இயேசு யூதர்களின் மேசியா, அவரை அவருடைய ஜனத்தின் முறைப்படியே வணங்க வேண்டும் என்பது அவர்களுடைய விசுவாசம்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது எலியாவு ஐயா. அவர் மட்டும்தான் அங்கே பிறப்பில் யூதர். மலைக்கு மேற்கே ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். அவருடைய ஆட்களெல்லாம் இஸ்ரவேலுக்குக் கப்பலேறியபோது அவர் மட்டும் நின்றுவிட்டார்.

"ஏன் போகலை?" என்று கேட்டால், "எனக்கு எடமில்லன்னுட்டாங்க" என்பார்.

கப்பலில் இடமில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

சிகாமணி ஐம்பத்தொன்பதாம் வயதில் ஆஸ்பத்திரிக்குப் போய் விருத்தசேதனம் செய்துகொண்டார். பதினெட்டு நாள் கால் அகட்டித்தான் நடந்தார். ஐயா ஆற்றங்கரையில் நின்று வசனம் சொல்ல, தண்ணீரில் மூன்று முறை முழுகி எழுந்தார். பினெகாஸ் என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார். நெறி தவறியவர்களை ஈட்டியால் குத்திக் கொன்ற பழைய ஆசாரியனின் பெயர் அது.

பஸ் கண்டக்டர் வேதமாணிக்கம் அதைக் கேட்டுச் சிரித்தார். "பேரு சரிதான் அண்ணாச்சி. ஈட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

வேதமாணிக்கமும் ஓய்வுநாளைக் கைக்கொண்டார். விளக்கேற்றினார். ஆனால் கத்திக்கும் முழுக்குக்கும் ஒப்பவில்லை. "மேசியா எங்கிட்ட கேக்காதத நீங்க எதுக்குக் கேக்கீங்க?" என்பார். சபையில் பாதிப்பேர் அவர் பக்கம்.

சபைக்கென்று எட்டு சென்ட் அடக்க நிலம் இருந்தது. ஐயா வாங்கிப் போட்டது. அங்கே அடக்கமான முதல் ஆள் கனகபாய். சாவதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவளும் ஆற்றில் முழுகினாள்.

அவளை வைத்த பிறகுதான் சிகாமணி அந்த நிலத்துக்கு முள்வேலி போட்டார். இரும்புக் கதவு வைத்தார். முறைப்படி சேர்ந்தவர்கள் மட்டுமே உள்ளே என்று தீர்மானம் எழுதி வாசித்தார். ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பேசாமலிருந்தது சம்மதம் என்று சிகாமணி குறித்துக்கொண்டார்.

போன ஐப்பசியில் வேதமாணிக்கத்தின் மனைவி ரத்தினபாய் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள்.

பழைய கோவிலில் கேட்டார்கள். "எங்க பதிவேட்டுலருந்து பேர எடுத்துட்டுத்தான போனீங்க" என்றார்கள்.

இங்கே வந்தார்கள். மழை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆறு பேர் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

"தம்பி, எனக்கு உம்மேல ஒண்ணும் கோவமில்ல" என்றார் சிகாமணி. "சட்டம்னா சட்டம். அவ முழுகல."

"மழையில நனைஞ்சிட்டுத்தான் இருக்கா அண்ணாச்சி" என்றார் வேதமாணிக்கம்.

கதவு திறக்கவில்லை.

ஆற்றங்கரைப் புறம்போக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். எலியாவு ஐயாவும் கூடப் போனார். எழுபத்தாறு வயதில் மண்வெட்டி பிடித்தார். திரும்பி வந்து, யூதர் துக்க முறைப்படி சட்டையின் மார்புப் பக்கத்தைக் கையால் கிழித்துவிட்டு, கடையில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். ஏழு நாள் எழுந்திருக்கவில்லை.

சிகாமணிக்கு அது பிடிக்கவில்லை. "சொந்த ரத்தத்துக்குத்தானே ஏழு நாள் தரையில இருக்கணும்னு நீங்களே சொல்லிக்குடுத்தீங்க? அவ ஒங்களுக்கு என்ன வேணும்?"

ஐயா இருமினார். அந்த மழைதான் அவர் நெஞ்சில் இறங்கியது. இருமல் நிற்கவேயில்லை.

இப்போது டாக்டரே கைவிட்டுவிட்டார். அடுத்து சபையை நடத்துகிறவர் தலைமேல் ஐயா கை வைக்க வேண்டும். பட்டியலில் கையெழுத்தும், தலையில் கையும். இரண்டையும் வாங்காமல் போவதில்லை என்றுதான் சிகாமணி வந்திருந்தார்.

ஐயா துணியில் கையைத் துடைத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தார். நீளவாட்டில் கோடு போட்டு, பெயர், தகப்பன் பெயர், முழுக்கு நாள் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. முதல் வரியில், எலியாவு, தகப்பன் பெயர் யாக்கோவ், பிறப்பால்.

"நல்ல கையெழுத்து" என்றார் ஐயா. "ஒரு வரிசை விட்டுப்போச்சே."

"எது ஐயா?"

"அம்மா பேரு."

சிகாமணி சிரித்தார். "எந்த ஆபீஸ்ல ஐயா அம்மா பேரு கேக்கான்? அப்பா எந்தச் சாதியோ பிள்ளையும் அந்தச் சாதி."

"அது ஒங்க தாலுகா ஆபீஸ் சட்டம். நீர் நடத்தணும்னு சொல்லுத யூதச் சட்டத்துல அப்பாவுக்கு வேலையில்ல. வயித்தத்தான் பாப்பாங்க. அம்மா யூதச்சின்னா பிள்ளை யூதன்."

சிகாமணி பேனாவை எடுத்தார். குறை இருந்தால் உடனே திருத்திவிடுவது அவர் பழக்கம். "சரி, அதையும் போட்டுருவோம். ஒங்க அம்மா பேரு?"

"திரேசியா."

பேனா தாளைத் தொடவில்லை.

"மீன் வித்தா" என்றார் ஐயா. "கடப்புறத்துக் கிறிஸ்தவச்சி. எங்க அப்பா கூட்டிட்டு வந்துட்டாரு. சாகிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை கோவிலுக்குப் போனா."

தெருவில் ஒரு பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான். சத்தம் தேய்ந்து மறையும் வரை சிகாமணி காத்திருந்தார்.

"அப்ப நீங்க..."

"எடமில்லன்னுட்டாங்கன்னு சொன்னேனே."

"எங்களுக்கு ஏன் சொல்லல?"

"கேட்டீரா? எல்லாரும் அப்பா பேரக் கேட்டீங்க. சொன்னேன்."

ஐயா எழுந்தார். கடையின் பின்சுவரில் ஆணியில் ஒரு பழைய சட்டை தொங்கும். இடது மார்பில் கிழிந்த சட்டை. மெஷின் பழுது பார்க்கிறவர் கடையில் கிழிசல் எதற்கு, தைத்துவிடலாமே என்று சிகாமணியே ஒருமுறை கேட்டிருக்கிறார். "அது தைக்கக் கூடாத கிழிசல்" என்று ஐயா சொல்லியிருந்தார்.

அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பெத்தவங்களுக்குக் கிழிச்சதத் தைக்கக் கூடாது. எங்க அம்மாவ யூதக் கல்லறைச் சுவருக்கு வெளிய, குப்பை கொட்டுத எடத்துப் பக்கம் வச்சாங்க. எனக்கு வயசு பத்தொம்பது. உள்ள விடுங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல நான். என்னைய அவங்க கூட்டத்துல நிக்க விட்டாங்களே, அதுவே பெருசுன்னு நின்னேன்."

சிகாமணி சட்டையைத் தொடவில்லை.

"ஐயா, என்னைய முழுக்கி விட்டது நீங்கதான?"

"ஆமா."

"நீங்களே யூதர் இல்லன்னா, நீங்க முழுக்குனது சட்டப்படி..."

"செல்லாது."

"அப்ப நான்?"

ஐயா எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"எல்லாரையும் முழுக்குனது நீங்கதான ஐயா?"

"எல்லாரையும் நான்தான்."

"கனகபாய்?"

"அவளுக்கும் வசனம் சொன்னது இந்த வாய்தான்."

"அவ உள்ள கெடக்காளே ஐயா."

"ஆமா."

சிகாமணியின் குரல் உயர்ந்தது. இத்தனை வருடத்தில் சபையில் யாரும் அந்த மனிதரிடம் அப்படிப் பேசியதில்லை.

"ரத்தினபாய் அன்னிக்கு மழையில கெடந்தாளே! அப்ப ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கதவத் தொறந்திருப்பேனே!"

"பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"அப்புறம் என்னைய யாரு ஐயான்னு கூப்பிடுவான்?"

இருமல் வந்தது. அடங்கும் வரை துணியை வாயில் வைத்திருந்தார். துணியில் சிவப்பாக இருந்தது. அதை மடித்துக்கொண்டு, சிகாமணியின் கையிலிருந்த பேனாவை வாங்கினார். முதல் வரியில் யாக்கோவ் என்ற பெயருக்குக் கீழே 'தாய் திரேசியா' என்று எழுதினார். அடியில் கையெழுத்துப் போட்டார்.

"கையெழுத்து கேட்டீர். போட்டாச்சு. தலையில கை வைக்கணும்னும் சொன்னீர். குனியும்."

கை நீண்டது. கரேலென்று எண்ணெய் படிந்த கை.

சிகாமணி குனியவில்லை.

கை கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் இருந்தது. பிறகு திரும்பிப் போய் திருப்புளியை எடுத்துக்கொண்டது.

சிகாமணி யாரிடமும் மூச்சு விடவில்லை. பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை சபையில் யாராவது "பட்டியல் என்னாச்சு?" என்று கேட்டால், "ஐயா பாத்துக்கிட்டிருக்காரு" என்றார். அவர் சொன்ன முதல் பொய் அது. இரண்டாவது வாரம் சுலபமாக வந்தது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை விடியற்காலையில் எலியாவு ஐயா போய்விட்டார்.

செத்தவரை அன்றைக்கே பொழுது சாயும் முன் மண்ணில் வைத்துவிட வேண்டும் என்பது ஐயா கற்றுத்தந்த முறை. சிகாமணி எட்டு மணிக்கே இரும்புக் கதவைத் திறந்துவிட்டார். கனகபாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் இருந்தது. தனக்கென்று அவர் விட்டுவைத்த இடம். அதில் ஆளைவிட்டு வெட்டாமல் தானே குழி வெட்டினார். கை கொப்புளித்துவிட்டது. நண்பகலில் குழிக்கு மேலே ஏறி நின்று பாதையைப் பார்த்தார்.

பெட்டி வந்துகொண்டிருந்தது. வேதமாணிக்கம் முன்தோள். சபை முழுக்கப் பின்னால் வந்தது.

பாதை பிரிகிற இடத்தில் பெட்டி இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆற்றுப் பக்கம் போனது.

சிகாமணி ஓடினார். அறுபத்துநாலு வயது. செருப்பு கழன்றது, எடுக்கவில்லை.

"தம்பி! இந்தப் பக்கம் தம்பி! குழி தயாரா இருக்கு!"

வேதமாணிக்கம் நின்றார். பெட்டியும் நின்றது.

"ரத்தினபாய்க்குப் பக்கத்துல வைக்கச் சொல்லியிருக்காரு அண்ணாச்சி. சாகுறதுக்கு மொத நா எங்கிட்ட வந்து சொன்னாரு. நடக்க முடியாம, செவரப் பிடிச்சிட்டு வந்தாரு."

"ஆத்தங்கரை வேண்டாம்ப்பா. கரை இடியுற எடம். ரெண்டு மழைக்குத் தாங்காது."

"தெரியும். எங்க வீட்டம்மா அங்கதான கெடக்கா."

சிகாமணி பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னார். "என் எடத்தையே அவருக்குக் குடுத்துட்டேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"எத?"

சிகாமணி பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"திரேசியா பேரையா?" என்றார் வேதமாணிக்கம். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "எங்கிட்டயும் சொல்லிட்டாரு. மன்னிப்பும் கேட்டாரு."

"மன்னிச்சியா?"

வேதமாணிக்கம் தோளில் பெட்டியைச் சரிசெய்துகொண்டார். "இன்னும் இல்ல. அதான் தூக்கிட்டுப் போறேன்."

பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ கிழவி "என்ன பேரு? என்ன பேரு?" என்று கேட்டாள்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பெட்டி நகர்ந்தது.

"தம்பி" என்று சிகாமணி கூப்பிட்டார். மண் அப்பிய கையில் சாவி இருந்தது. "நான் வெட்டுன குழிய என்ன செய்ய?"

வேதமாணிக்கம் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை.

"வெட்டுன குழிய பொழுதடைய வெறுமனே போடக்கூடாதும்பாரு ஐயா" என்றார் நடந்துகொண்டே. "அந்தப் பட்டியல எடுத்துப் பாருங்க அண்ணாச்சி. சட்டப்படி யாரு பேரு மிச்சமோ, அவங்களக் கொண்டாந்து வைங்க."