இலைக்கோழிக்கு நாரை சொன்ன நியாயம்

முதலில் கெடுத்தது நாரைதான். பொன்கழுத்தி புகார் சொன்னது அப்புறம். தவளை சிரித்தது அதற்கும் அப்புறம். இந்த வரிசையை நீள்விரலன் இன்றுவரை மறக்கவில்லை. சாகும்வரை மறக்கப்போவதும் இல்லை.

நீள்விரலன் ஓர் ஆண் இலைக்கோழி. மணக்காட்டு ஏரியில் அல்லி இலைகளின்மேல் குடியிருந்தான். நீண்ட விரல்களைப் பரப்பி, இலை அமுங்காமல் நடப்பான். அவன் பெண்டாட்டி பொன்கழுத்தி. பிடரியில் மஞ்சள் மினுங்கும். உடம்பில் அவனைவிடப் பெரியவள், குரலிலும் பெரியவள்.

இலைக்கோழிகளின் குடும்ப வழக்கம் மற்றவர்களுக்கு இல்லாத வழக்கம். பெண் முட்டையிடுவாள். இட்டதும் எழுந்து அடுத்த புருஷனிடம் போய்விடுவாள். அடைகாப்பது ஆண். குஞ்சைக் கூட்டிப்போய் மேய்ப்பதும் ஆண். பொன்கழுத்திக்கு ஏரியின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு புருஷன் இருந்தான். அவர்கள் கூட்டத்தில் இதற்கு யாரும் வெட்கப்பட்டதில்லை. புகார் சொன்னதும் இல்லை.

கூடு என்பது பேருக்குத்தான். கொஞ்சம் பாசித் தண்டுகளை இலைமேல் கூட்டிவைத்த ஈரமேடு, அவ்வளவே. தண்ணீர் ஏறினால் முழுகும். அப்போது முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அணைத்து, பின்பக்கமாகவே நடந்து, உயரமான இலைக்கு இழுத்துப்போக வேண்டும். அதனால் மழைக்காலத்தில் ஆண் இலைக்கோழிக்கு முட்டையைத் தவிர வேறு எந்த நினைப்பும் வராது. ஆசை என்பதே உடம்பைவிட்டுப் போய்விடும்.

ஏரியின் உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கில், ஒரு கல்லின்மேல் நாரை நிற்கும். அசையாமல் நிற்பதால் அது யோசிக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். அது மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் வழக்கு என்றால் எல்லாரும் அங்கேதான் போவார்கள்.

அந்த வருஷம் முதல் மழை விழுந்ததும் பெண் தவளைகள் கூட்டமாகக் கலுங்குக்குப் போயின. ஆண்களின் தொல்லை தாங்கவில்லை, கத்திக் கத்திக் காது போயிற்று, கண்ட இடத்தில் முதுகில் ஏறுகிறார்கள், ஒருவன் மிதந்துவந்த தேங்காய் மட்டையைக்கூட விடவில்லை என்று முறையிட்டன.

நாரை கழுத்தை நீட்டியது. சுருக்கியது. பிறகு தீர்ப்புச் சொன்னது.

"ஆணுக்கு ஆசை அடங்காது. பொண்ணுக்கு அது கொஞ்சம்தான், வரும், போகும். அவன் கேட்டுக்கிட்டே இருப்பான், அவ தள்ளிப்போட்டுக்கிட்டே இருப்பா. கேக்குறது அவன் குணம், மறுக்குறது அவ நியாயம். இதுக்குமேல இந்த ஏரியில பேச்சு கிடையாது."

இந்த ஞானம் நாரைக்கு எங்கிருந்து வந்தது என்று கருவேல மரத்தில் கூடு கட்டிய எல்லாப் பறவைக்கும் தெரியும். போன பருவத்தில் வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு ஒரு பெண் நாரையின் பின்னால் மரம் மரமாக அலைந்து, தலையில் கொத்து வாங்கிக்கொண்டு வந்தது அது. தன் வீட்டில் நடந்ததைத்தான் உலகத்துக்கே சட்டமாக எழுதியது.

தீர்ப்பைக் கேட்டு ஆண் தவளைகள் துள்ளின. இதுவரை தொல்லையாக இருந்தது இனிமேல் குணமாகிவிட்டது அல்லவா? நீள்விரலனுக்கு மட்டும் சரியாகப் படவில்லை. முட்டையின்மேல் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தான்.

"எங்க கூட்டத்துல அப்படி இல்லீங்களே ஐயா."

நாரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்னு ரெண்டு பேருக்காக நியாயத்தை மாத்த முடியாது தம்பி. நீ முட்டையைப் பாரு."

நீள்விரலன் முட்டையைப் பார்த்தான்.

சில நாளில் மேற்கே வானம் கறுத்தது. வரத்துக் கால்வாயில் செந்தண்ணீர் இறங்கியது. ஏரி மெல்ல ஏறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் பொன்கழுத்தி வந்து இறங்கினாள். அவளுடைய ஒரு புருஷனைப் பருந்து தூக்கிப்போயிருந்தது. மற்றவர்கள் அடையில் இருந்தார்கள். அவளுக்கோ ஆசை கழுத்துவரை நின்றது. தலையைத் தாழ்த்தினாள், சுற்றி வந்தாள், கொஞ்சினாள்.

நீள்விரலன் நகரவில்லை. "தண்ணி ஏறுது. இப்ப எழுந்தா முட்டை சில்லிட்டுப்போகும்."

"கொஞ்ச நேரம் எழுந்தா குடியா முழுகிடும்?"

"ஆமா, முழுகிடும். நம்ம குடி தண்ணிமேலதானே இருக்கு."

பொன்கழுத்திக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்து அவளை வேண்டாம் என்று ஒரு ஆணும் சொன்னதில்லை. "என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். பிடிக்கும், ஆனால் இப்போது இல்லை என்றான் அவன். இப்போது இல்லை என்றால் வேறு எப்போது என்றாள். குஞ்சு பொரித்த பிறகு என்றான். அவள் விசுக்கென்று பறந்து நேரே கலுங்குக்குப் போனாள். புருஷன் தன்னை ஒதுக்குகிறான் என்று அழுதாள்.

நாரைக்குக் குழப்பமாகிவிட்டது. ஆண் மறுக்கமாட்டான் என்பது அதன் தீர்ப்பு. இங்கே ஓர் ஆண் மறுத்திருக்கிறான். தீர்ப்பு தப்பாக இருக்கலாம் என்று அதற்குத் தோன்றவே இல்லை. ஒன்று, அவனுக்கு நோய் இருக்க வேண்டும். இல்லை, கள்ளத்தொடர்பு இருக்க வேண்டும். உடனே வந்து விளக்கம் சொல்ல வேண்டும், வராவிட்டால் அவன் இலையைப் பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று தவளையிடம் சொல்லி அனுப்பியது.

தவளை நீந்தி வந்த வேகத்தைப் பார்த்தால் கல்யாணச் சாப்பாட்டுக்கு வருகிற மாதிரி இருந்தது.

"என்னண்ணே, சரக்கு தீந்துபோச்சா? ஏரி பூரா அதே பேச்சு. வாங்க, ஐயா கூப்பிடுறார்."

இலையும் போனால் முட்டையை எங்கே வைப்பது? நீள்விரலன் போய்த்தான் ஆக வேண்டும். பக்கத்து நாணலில் ஒரு நாமக்கோழி குடியிருந்தாள். நெற்றியில் வெள்ளை நாமம். அவளும் புருஷனும் மாற்றி மாற்றி அடைகாக்கிறவர்கள். அவளிடம் முட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

"நான் ஏறுனா உன் இலை அமுங்கிடும்டா தம்பி. இங்கிருந்தே பாத்துக்கிறேன். தண்ணி ஏறுனா கத்துறேன், ஓடிவந்துடு."

கலுங்கில் பெருங்கூட்டம். நாரை அவனை இறக்கையை விரிக்கச் சொன்னது, வாலைத் தூக்கச் சொன்னது, ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னது. அவன் எல்லாம் செய்தான். தவளைகள் வயிறு குலுங்கச் சிரித்தன.

"எவ அவ?" என்றது நாரை.

"யாரும் இல்லைங்க."

"அப்ப நோய்தான்."

"நோயும் இல்லைங்க ஐயா. எனக்கு வேலை இருக்கு."

"ஆம்பளைக்கு அது ஒரு காரணமா?"

"பொம்பளைங்க மறுத்தா மட்டும் நியாயம்னீங்களே?"

"அவங்க பொம்பளைங்க," என்றது நாரை. கூட்டம் கைதட்டாத குறை.

நீள்விரலன் அதன் காலடியைப் பார்த்தான். கல்லின் விளிம்பைத் தண்ணீர் தொட்டுவிட்டது. "ஐயா, உங்க காலைப் பாருங்க. உங்களுக்கே தண்ணி வந்துடுச்சு. அங்க என் முட்டை கிடக்குது." நாரை குனிந்து பார்த்தது. ஒரு கல் மேலே ஏறி நின்றுகொண்டு விசாரணையைத் தொடர்ந்தது.

முடிவில் மருந்து சொன்னது. கரையோரம் நீர்முள்ளி விளைந்து கிடந்தது. அந்த விதை ஆண்மைக்கு நல்லது என்று தவளைகள் சத்தியம் செய்தன. ஒருவன் பிடிக்க, ஒருவன் திணிக்க, நீள்விரலன் தொண்டைக்குள் நீர்முள்ளி விதை இறங்கியது. அப்போதுதான் நாணல் பக்கமிருந்து நாமக்கோழியின் குரல் கேட்டது. அவள் முன்பே கத்தியிருக்கிறாள். சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவன் பறந்து வந்தான். மேடு இல்லை. இலையும் தண்ணீருக்குள் இருந்தது. முட்டைகள் எல்லாம் சரிந்து கீழே போய்விட்டிருந்தன. ஒன்று மட்டும் தண்டில் சிக்கி நின்றது. அதை நெஞ்சோடு அணைத்து, பின்பக்கமாக நடந்து, உயரமான இலைக்குக் கொண்டுபோனான். மேலே உட்கார்ந்தான். வெகுநேரம் உட்கார்ந்தும் அது சில்லிட்ட கல்லாகவே இருந்தது.

பொன்கழுத்தி வந்து பக்கத்து இலையில் நின்றாள்.

"எல்லாமே போச்சா?"

"போச்சு."

புகார் சொல்லப் போனபோது இது அவள் நினைப்பில் இல்லை. "வா," என்றாள் தணிந்த குரலில். "வேற போட்டுத் தரேன்."

அவனுக்கு ஆசை இல்லை. ஆனால் முட்டை வேண்டும். எழுந்து, செத்த முட்டையைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, அவளிடம் போனான்.

கலுங்கிலிருந்து நாரை இதைப் பார்த்துவிட்டது. கழுத்தை நீட்டிக் கூட்டத்துக்குக் காட்டியது.

"பாத்தீங்களா? நீர்முள்ளி வேலை செஞ்சிடுச்சு. ஆம்பளைன்னா ஆம்பளைதான். நான் அன்னைக்கே சொன்னேன்."

அன்றைக்கு மாலைக்குள் கரையிலிருந்த நீர்முள்ளி விதை முழுவதையும் தவளைகள் தின்று தீர்த்தன. பெண் தவளைகள் பாடு இன்னும் மோசமானது. அதற்கும் நாரை, அது குணம் என்றது.

பொன்கழுத்தி சொன்னபடியே புது முட்டைகளை இட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போனாள். அவள் வாங்கிய கடனை அவள் தீர்த்துவிட்டாள். நீள்விரலன் அவள்மேல் வருத்தம் வைக்கவில்லை. நாரை தினமும் காலையில் அவன் இலைக்கு மேலாகத்தான் பறக்கிறது. "உடம்பு தேவலையா தம்பி?" என்று விசாரித்துவிட்டுப் போகிறது. நான் சொன்னது தப்பு என்ற ஒரு வார்த்தை அதன் வாயிலிருந்து இன்னும் வரவில்லை. அந்த வார்த்தைக்காக அவன் அடையில் இருந்தபடியே, ஒவ்வொரு காலையும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தன் உடம்பை வைத்து அடுத்தவர் ஆசையை அளக்கிற நியாயாதிபதி, ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டு அதற்கு நன்றியையும் எதிர்பார்ப்பான்.