அரைக்கம்பம்

தலைவர் ஒருவர் காலமாகிவிட்டார். காலையிலேயே மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. "கொடி அரைக்கம்பம்! மறந்துடாதீங்க, அரைக்கம்பம்!" என்று ஒருவர் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

குரு நாச்சியாரம்மா அந்த வேலையைக் கோதண்டத்திடம் கொடுத்தார். கோதண்டம் அவரைவிடப் பத்து வயது மூத்த சீடர். மகள் மஞ்சரி இறந்த மறுமாதம் மடத்துக்கு வந்தவர். நாளை அவளுடைய முதல் வருஷத் திதி. மனைவி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள்.

"என்ன சொல்றாங்க வீட்ல?" அம்மா கேட்டார்.

"வந்து அவளப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணுமாம். இந்த வீட்ல அவ பேரைச் சொல்ல நான் ஒருத்திதானான்னு அழறா."

"போறீங்கதானே?"

"போவேன். உட்காருவேன், கும்பிடுவேன், வந்துருவேன். அவ அப்படிச் சிரிச்சா, இப்படி ஆடினான்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்துருவேன். துக்க வீட்ல அந்தப் பேச்சு எதுக்கும்மா?"

அம்மா கொடிக்கம்பத்தின் பக்கம் நடந்தார்.

கோதண்டம் கொடியைப் பாதிக் கம்பம்வரை இழுத்து, கயிற்றை முடிச்சுப் போட்டார்.

"இறக்குங்க," என்றார் அம்மா.

"சரியாத்தானே இருக்கு? டேப் வச்சு அளந்து காட்டட்டா?"

"அளவு சரி. ஏத்தினது தப்பு. முதல்ல உச்சிக்குப் போகணும். அங்க ஒரு நொடி நிக்கணும். அப்புறந்தான் பாதிக்கு வரணும்."

"பாதியில நிக்கப்போற கொடிக்கு உச்சி எதுக்கு?"

"ஏத்துங்க."

ஏற்றினார். உச்சியில் காற்று பிடித்துக்கொண்டது. கொடி முழுசாக விரிந்தது. கோதண்டம் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு நொடின்னு சொன்னேன்."

"இறக்கக் கை வரலம்மா."

அம்மா காத்திருந்தார்.

"மஞ்சரி…" என்றார் கோதண்டம். ஒரு வருஷத்தில் முதல் தடவை. "சைக்கிள்ல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுவா. 'அப்பா, பாரு, பாரு!'ன்னு தெருவே அதிரக் கத்துவா. விழப்போறே, கழுதைன்னு திட்டுவேன். திட்டிட்டு, தெருமுனை திரும்புறவரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பேன்."

கொடி மெல்லப் பாதிக்கு இறங்கியது. முடிச்சுப் போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"சாயங்காலம் ஊருக்குக் கிளம்புறேன்," என்றார். "பொழுது சாஞ்சதும் வேற யாரையாவது கொடியை இறக்கச் சொல்லுங்க. பாதியிலிருந்து அப்படியே இறக்கிடலாமில்ல?"

"இல்ல. மறுபடியும் உச்சிக்கு ஏத்திட்டுத்தான் இறக்கணும்."

"இன்னொரு தடவையா? தாங்குமாம்மா?"

"துக்கம் இருக்கிறவரைக்கும்," என்றார் அம்மா, "தினமும்."