பொங்கல் தின்ற குளம்

செண்பகமாறன் என்று ஓர் அரசன். நல்லவன்தான், ஆனால் புகழ்ந்தால் உருகிவிடுவான். "மன்னர் மீன்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் போட்டால் ஆயுள் கூடும்" என்று அமைச்சர் திருமலைக்கொழுந்து சொன்னாலும் சொன்னார், தினமும் ஓர் அண்டாப் பொங்கல் அரண்மனைக் குளத்துக்குள் போயிற்று.

கோடையில் குளம் பச்சைக் குழம்பாகிவிட்டது. ஒரே நாற்றம். மீன்கள் செத்து மிதந்தன.

"கரையிலிருக்கும் குயவர்கள் மண்கை கழுவுவதால்தான் பிரபு! தெருவையே காலி செய்துவிடலாம்" என்றார் அமைச்சர். அந்த இடத்தில் மாந்தோப்பு வைக்க அவருக்கு வெகுநாள் ஆசை. அரசன் தலையாட்டினான். குயவர்கள் அழுதுகொண்டே அரசவை விகடகவி கூத்தனிடம் ஓடினார்கள்.

கூத்தன் அரசனிடம் போனான். "பிரபு, சோதித்துவிட்டுத் துரத்தலாமே! இரண்டு பானையில் தெளிந்த ஏரித் தண்ணீரைப் பௌர்ணமிவரை வெயிலில் வைப்போம். ஒன்றில் குயவர்கள் கை கழுவட்டும். மற்றதில் அமைச்சர் தங்கள் பொங்கலைப் போடட்டும். எவர் பானை கெடுகிறதோ அவர் ஊரைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

அமைச்சருக்கு ஏகக் குஷி. மன்னர் பொங்கலாயிற்றே! ஆள்விட்டுக் கரண்டி கரண்டியாகப் போடச் சொன்னார். "பானை எப்படியடா இருக்கிறது?" என்று கேட்டால், "அமோகமாக இருக்கிறது ஐயா" என்பான் அந்த ஆள். உண்மையைச் சொல்ல அவனுக்குப் பயம்.

பௌர்ணமியன்று பானைகள் சபைக்கு வந்தன. குயவர் பானையின் அடியில் கொஞ்சம் சேறு, மேலே தெளிந்த நீர். ஓரத்தில் நூல்பாசி, பொடிப்பாசி, பழுப்புப்பாசி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.

"இங்கே எல்லாரும் அளவோடு குடியிருக்கிறார்கள் பிரபு" என்றான் கூத்தன்.

அமைச்சர் பானையில் வெறும் பச்சைக் களி. சபையே மூக்கைப் பொத்தியது.

"இங்கே ஒருத்தன் மட்டும் தின்று கொழுத்து மற்றவர்களைத் துரத்திவிட்டான்!"

அமைச்சர் பதறினார். "என்மேல் தப்பில்லை! அது மன்னர் பொங்கல்!"

"ஓகோ! அப்படியானால் ஊரைவிட்டுப் போக வேண்டியவன் நானா?" என்றான் அரசன்.

"யாரும் போக வேண்டாம் பிரபு" என்றான் கூத்தன். "பொங்கல் அண்டா மட்டும் குயவர் தெருவுக்குப் போகட்டும். குளத்தில் கொட்ட அங்கே மிச்சம் இருக்காது."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். கூத்தனுக்கு முத்துமாலை கிடைத்தது. அமைச்சருக்குப் பாசி அள்ள ஒரு கூடை கிடைத்தது.

இடுப்பளவு தண்ணீரில் அவர் அள்ளும்போதெல்லாம் கூத்தன் கரையிலிருந்து குரல் கொடுப்பான்: "நன்றாக அள்ளுங்கள் ஐயா, ஆயுள் கூடும்!"