ஏக்கத்தைக் கொடுக்காத சலாலி

முன்னே முன்னே ஒரு காலத்திலே, நமக்குச் சூரியன் மறையும்போது யாருக்கு விடியுமோ அவர்கள் தேசத்திலே, நீலப் புகை சுற்றிய மலைகள் இருந்தன. அந்த மலைகளின் அடியிலே செரோக்கி சனங்கள் வாழ்ந்தார்கள். ஓநாய்க் குலம், மான் குலம், பறவைக் குலம் என்று அவர்களுக்கு ஏழு குலம். பிள்ளைக்கு அம்மாவின் குலம்தான். அப்பன் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் சரி, அவன் குலம் பிள்ளைக்கு ஒட்டாது.

அங்கே சலாலி என்று ஒரு பெண். சலாலி என்றால் அவர்கள் பேச்சிலே அணில். அணில் மாதிரியே துறுதுறு. ஆனால் புதுச்சோளப் பண்டிகை வந்தால் மட்டும் முகம் சுருங்கிப்போகும். ஏழு பக்கம் வைத்த சபை வீட்டிலே குலத்துக்கு ஒரு பக்கமாக எல்லோரும் உட்காருவார்கள். சலாலி வாசலிலேயே நிற்பாள்.

"உள்ளே வாயேண்டி! கதவுக்குக் காவலா நீ?" என்று கேட்டாள், மான் குலத்து அத்தை.

"எந்தப் பக்கம் உக்காரட்டும் அத்தை?"

அத்தைக்குச் சுருக்கென்றது. "என் தம்பி மக நீ. வயிறாரச் சோறு போடுவேன். குளிருக்குப் போர்வை தருவேன். எங்க பக்கத்துல இடம் மட்டும் தர முடியாதே கண்ணு."

"எங்கம்மா எந்தக் குலம்?"

"நாக்கு நுனியில இருக்கு பாரு…" என்று அத்தை நெற்றியைத் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். நினைவிலே பனிதான் வந்தது, பேர் வரவில்லை. ஊரிலே யாரைக் கேட்டாலும் இதே கதைதான்.

அப்பா இனோலியைக் கேட்டாள். "தெரியலையேம்மா" என்று சிரித்தார். அவர் எப்போதும் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் சலாலிக்கு முள்ளாய்க் குத்தியது. பெற்றவளை நினைத்து அழவாவது ஒரு முகம் வேண்டாமா?

அம்மாவின் பேரைத் தேடி மலைமேலே நடந்தாள். காடு தாண்டினாள், ஆறு தாண்டினாள், மேகத்தையும் தாண்டினாள். உச்சியிலே ஒரு கரடி, பழப் புதருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது.

"யாரு பெத்த பிள்ளை நீ?" என்றது கரடி.

"தெரிஞ்சா இவ்வளவு தூரம் ஏன் வர்றேன்?"

"வாய்க்கொழுப்புக்குக் குறைச்சல் இல்ல!" என்று கரடி வாயைத் துடைத்துக்கொண்டது. "கேட்டுக்க. உன்னைப் பெத்தவ பிரசவத்துல போயிட்டா. உங்கப்பன் துக்கம் தாங்காம இங்க வந்து பனி மந்திரவாதிகிட்ட அதைக் கொடுத்துட்டான். துக்கத்தை மட்டும் தனியா உருவ முடியுமா? அவ பேரு, முகம், குலம் எல்லாம் சேர்ந்தே போச்சு. ஊரு நெஞ்சிலிருந்தும் போச்சு."

"திரும்ப வாங்கலாமா?"

"உன்கிட்ட இருக்கறதை மூணு தரம் கேப்பான். மூணு தரமும் நீ கொடுக்கலேன்னா, வாங்கினதை எல்லாம் அவன் விட்டாகணும். அதுதான் அவனுக்கு விதி. மூணாவதைத் தாண்டினவங்களை நான் பார்த்ததில்ல."

கரடி காட்டிய குகைக்குள்ளே சலாலி நுழைந்தாள்; சுவர் முழுக்கச் சுரைக்குடுக்கைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ விம்மும் சத்தம். நடுவிலே மந்திரவாதி, வெள்ளையாய், மெத்துமெத்தென்று.

"வாம்மா. உன் ஏக்கத்தைக் கொடு. உன் சோளக்காடு என்றைக்கும் வாடாது."

"தரமாட்டேன்."

"உன் ஏக்கத்தைக் கொடு. எந்தக் குலம் பிடிக்குமோ சொல். அதிலே பிறந்தவள் என்று ஊரே சத்தியம் செய்யும்."

சலாலிக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. "பொய்யான இடத்துல உக்கார்றதுக்கு வாசலே மேல். தரமாட்டேன்."

மந்திரவாதி எழுந்து வந்து அவள் காதருகே குனிந்தான். "உன் அப்பன் சிரித்துக்கொண்டிருக்கிறான். நீ மறுத்தால், அவன் அன்று கொடுத்த துக்கம் முழுதும் இந்த நிமிஷமே அவன் தலையில் விழும். பெற்ற அப்பனை அழவைப்பாயா?"

சலாலி அந்த ஏக்கத்தை ஒருதரம் தடவிப் பார்த்தாள். பசித்தபோதும் அது கூட இருந்தது, காய்ச்சலில் படுத்தபோதும் கூட இருந்தது. அம்மா விட்டுப்போனது அது ஒன்றுதான்.

"அழட்டும்," என்றாள். "நான் பக்கத்துல இருந்து கண்ணைத் துடைச்சுவிடுவேன். தரமாட்டேன்."

பட்! பட்! பட்! குடுக்கைகள் வெடித்தன. மந்திரவாதி வெயில் பட்ட பனியாய்க் கரைந்தே போனான். சலாலியின் நெஞ்சுக்குள்ளே ஒரு முகம் வந்தது, ஒரு பேர் வந்தது. வாலேலா. தேன்சிட்டு என்று அர்த்தம். பறவைக் குலத்து வாலேலா!

ஓட்டமாய் ஓடி வந்தாள். சபை வீட்டு வாசலிலே அப்பா மண்ணில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். "அவ கூந்தல்ல புகை வாசம் அடிக்கும்மா… எப்படி மறந்தேன்?" சலாலி சொன்னபடியே பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க வந்தது. விடாமல் துடைத்தாள்.

பறவைக் குலத்துப் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். வாலேலாவின் தங்கை. நாம் சித்தி என்போம். அந்தச் சனங்களுக்கு அம்மாவோடு பிறந்தவளும் அம்மாதான், வேறு பேரே கிடையாது.

"பண்டிகைக்குப் பண்டிகை என் பக்கத்துல ஒரு ஆள் இடம் விட்டே உக்காருவேன். 'ஏண்டி தள்ளி உக்கார்றே'ன்னு இவளுங்க ஏசுவாளுங்க. எனக்கே ஏன்னு தெரியாது," என்று அழுதாள், சிரித்தாள், கையைப் பிடித்தாள். "வாடி மகளே."

"அம்மா" என்றாள் சலாலி. அந்தச் சொல்லை அவள் வாய் அன்றைக்குத்தான் ஒருவரைப் பார்த்துச் சொன்னது.

போய் உட்கார்ந்தாள். பனி விலகிய மலை அங்கே இருக்கிறது. கேட்ட உங்களுக்கும் உட்கார ஒரு இடம் இருக்கட்டும்.